பில்டு பயனரின் கீழ் மட்டும் தோற்கும் டெஸ்ட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் விநியோகங்களுக்கு பேக்கேஜ் கட்டத் தொடங்கும் பலரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. நிரல் கம்பைல் ஆகிவிடும். டெஸ்ட் ஓடும்போது நாலைந்து விழும். அதே டெஸ்ட்களை நம் முனையத்தில் ஓட்டினால் எல்லாம் பச்சை. டெபியன், நிக்ஸ், க்னூ கீக்ஸ், ஜென்டூ என்று எதில் வேலை செய்தாலும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். புதிதாக வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பில்டு பயனர் என்பது யார்?

பேக்கேஜ் கட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்ட, வேறு எந்த அதிகாரமும் இல்லாத பயனர் கணக்கு. நிக்ஸில் இவர்கள் நிக்ஸ்பில்ட்1, நிக்ஸ்பில்ட்2 என்று வரிசையாக இருப்பார்கள். கீக்ஸில் கீக்ஸ்பில்டர்01 முதல். ஜென்டூவில் போர்ட்டேஜ் என்ற பயனர், ஆல்பைனின் பில்டு சர்வர்களில் பில்டோசர். லாகின் ஷெல் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் நோலாகின் (உள்ளே நுழைய விடாத நிரல்) இருக்கும், எழுதக்கூடிய ஹோம் அடைவு (பயனரின் சொந்தக் கோப்புகளுக்கான இடம்) இருக்காது. ஒரே நேரத்தில் இரண்டு பில்டுகள் ஓடினால் ஒன்றின் கோப்பை மற்றொன்று தொடக்கூடாது என்பதற்காகத்தான் நிக்ஸும் கீக்ஸும் இத்தனை பயனர்களை வைத்திருக்கின்றன.

நான் ஓட்டினால் ஓடுகிறதே, அங்கே மட்டும் ஏன் விழுகிறது?

உங்கள் கணினியில் நீங்கள் கவனிக்காமலே அனுபவிக்கும் வசதிகள் நிறைய. ஹோம் அடைவு, இணையம், யுடிஎஃப்-8 மொழி அமைப்பு, கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பதிந்த உங்கள் பெயர், திரை, கணக்குப் பட்டியலில் உங்கள் பதிவு. டெஸ்டை எழுதியவருக்கும் இவையெல்லாம் இருந்தன. அதனால் இவை எல்லோருக்கும் இருக்கும் என்று டெஸ்ட் எடுத்துக்கொள்கிறது, ஆனால் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. பில்டு சூழல் இவற்றை உருவிவிடுகிறது.

எனவே விழுந்த ஒவ்வொரு டெஸ்டிலும் நாம் தேட வேண்டியது ஒன்றுதான்: இது எந்த வசதியை நம்பி இருந்தது? விடை கிடைத்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் ஒரு வரி. அதைத் தேடாமல் டெஸ்ட் முழுவதையும் அணைத்துவிடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அடுத்த பதிப்பில் உண்மையான பிழை வந்தால் அதைச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

லாக்கில் முதலில் எதைப் பார்ப்பது?

கடைசி வரியை அல்ல, முதல் தோல்வியை. பின்னால் வரும் இருபது தோல்விகள் பல நேரம் அந்த முதல் ஒன்றின் வால்தான். பிறகு எரரில் வரும் பாதையைப் பாருங்கள். 'ஹோம்லெஸ்-ஷெல்டர்' என்ற அடைவின் பெயர் தென்பட்டால் நிக்ஸிலோ கீக்ஸிலோ ஹோம் சிக்கல். 'எஸ்பில்ட்-நான்எக்சிஸ்டன்ட்' என்று வந்தால் டெபியனில் அதே சிக்கல். இல்லாத அடைவுக்கு இப்படிப் பெயர் வைத்ததே வேண்டுமென்றுதான். ஹோமைத் தொட முயலும் நிரல் லாக்கில் கையும் களவுமாகப் பிடிபட வேண்டும்.

'பர்மிஷன் டினைட்' என்று வந்தால் கோப்பு உரிமை. 'ஆபரேஷன் நாட் பர்மிட்டட்' என்று வந்தால் பெரும்பாலும் கர்னல் தடுக்கும் வேறு வேலை: உரிமையாளரை மாற்றுவது, செட்யுஐடி பிட் (நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் குறி) வைப்பது போன்றவை. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு எரர் எண்கள். இதைக் குழப்பிக்கொண்டு ஒரு மாலைப் பொழுதையே தொலைத்தவன் நான்.

ஹோம் சிக்கலை எப்படிச் சரிசெய்வது?

டெஸ்ட் தொடங்கும் முன் ஹோம் என்ற சூழல் மாறியை (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) பில்டின் தற்காலிக அடைவுக்குத் திருப்பிவிடுங்கள். நிக்ஸிலும் கீக்ஸிலும் டெஸ்ட் கட்டத்துக்கு முன்பு ஒரு வரி போதும். டெபியனில் டெப்ஹெல்பர் என்ற பேக்கேஜ் கருவியின் ஒத்திசைவு நிலை 13 முதல் ஹோமையும் எக்ஸ்டிஜி ரன்டைம் அடைவையும் (எக்ஸ்டிஜி என்பவை கேஷ், அமைப்புக் கோப்புகள் போன்றவற்றின் இடத்தைச் சொல்லும் மாறிகள்) அதுவே தற்காலிக இடத்துக்கு மாற்றிவிடுகிறது, மற்ற எக்ஸ்டிஜி மாறிகளை நீக்கியும் விடுகிறது. பழைய நிலையிலேயே நிற்கும் பேக்கேஜ் என்றால் நிலையை உயர்த்துவதே தீர்வாகிவிடும்.

கோ மொழியில் இது கம்பைல் கட்டத்திலேயே வெடிக்கும். கோ 1.12 முதல் பில்டு கேஷ் கட்டாயம், அது இயல்பாக ஹோமுக்குள்தான் போகும். கோகேஷ் மாறியைத் தற்காலிக அடைவுக்குக் கொடுங்கள். எழுத்துருவைத் தொடும் நிரல்களில் 'கேஷ் எழுத இடமில்லை' என்று ஃபான்ட்கான்ஃபிக் (எழுத்துருவைத் தேடித் தரும் நூலகம்) புலம்பும், எக்ஸ்டிஜி கேஷ் ஹோமைத் திருப்பினால் அடங்கிவிடும்.

ஹோமை மாற்றிவிட்டேன், ஜாவா டெஸ்ட் இன்னும் விழுகிறதே?

ஹோம் அடைவு எது என்பதற்கு லினக்ஸில் இரண்டு இடங்களில் பதில் உண்டு. ஒன்று சூழல் மாறி. மற்றொன்று பாஸ்வேர்டு கோப்பில் அந்தப் பயனருக்கான வரி. பைத்தான் முதலில் மாறியைப் பார்க்கும், அது இல்லாவிட்டால்தான் கோப்புக்குப் போகும். ஜாவா நேராகக் கோப்புக்கே போகும். அங்கே பயனர் இல்லாவிட்டால் பல ஜாவா பதிப்புகளில் 'யூசர்.ஹோம்' மதிப்பு வெறும் கேள்விக்குறியாகிவிடும். பில்டு அடைவுக்குள் கேள்விக்குறி என்ற பெயரிலேயே ஓர் அடைவு முளைத்திருப்பதைப் பார்த்தால் பயப்படாதீர்கள், காரணம் இதுதான். ஜாவா டூல் ஆப்ஷன்ஸ் மாறி வழியாக 'யூசர்.ஹோம்' மதிப்பை நாமே கொடுத்துவிட வேண்டும்.

ஓப்பன்எஸ்எஸ்எச்சும் (தொலைக் கணினியில் நுழைய உதவும் கருவி) இதே ரகம். ஹோம் மாறியை அது மதிக்காது. எஸ்எஸ்எச் பயன்படுத்தும் டெஸ்ட் என்றால் சாவிக் கோப்பையும் கான்ஃபிக் கோப்பையும் கட்டளையிலேயே வெளிப்படையாகக் கொடுப்பதுதான் வழி.

'இந்த எண்ணுள்ள பயனர் இல்லை' என்று பைத்தான் சொல்கிறது. என்ன செய்வது?

கன்டெய்னரை (தனிமைப்படுத்திய ஓட்டச் சூழல்) ஏதோ ஒரு பயனர் எண்ணுடன் ஓட்டியிருப்பீர்கள், அந்த எண்ணுக்குப் பாஸ்வேர்டு கோப்பில் வரி இருக்காது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் ஓப்பன்ஷிஃப்ட் இயல்பாகவே இப்படி ஏதாவதோர் எண்ணைத்தான் கொடுக்கும். நிரல் பயனரின் பெயரை மட்டும் கேட்கிறது என்றால் யூசர், லாக்நேம் மாறிகளை வைத்தால் போதும், பைத்தானின் கெட்பாஸ் தொகுதி முதலில் அவற்றைத்தான் பார்க்கும். நிரல் நேராகப் பயனர் பதிவையே கேட்டால் மாறிகள் உதவாது. அப்போது என்எஸ்எஸ் ராப்பர் என்ற சிறு நூலகத்தை முன்கூட்டியே ஏற்றி, நாம் எழுதிய போலிப் பாஸ்வேர்டு கோப்பைக் காட்டலாம். டெஸ்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், தப்பில்லை.

இணையம் இல்லாததால் விழும் டெஸ்ட்கள்?

இதில் பேரம் பேச இடமில்லை. டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் பில்டு இணையத்தைத் தொடவே கூடாது என்பது கொள்கை. பில்டே தொடங்கிய சேவையை லூப்பேக் (கணினி தன்னுடனேயே பேசும் உள் இணைப்பு) வழியாக அணுகலாம், அவ்வளவுதான். நிக்ஸ், கீக்ஸ் சூழல்களிலும் லூப்பேக் தவிர வேறொன்றும் இருக்காது. வெளியே போகும் டெஸ்டைப் பெயர் சொல்லித் தவிருங்கள்.

ஆனால் லூப்பேக்கை மட்டுமே பயன்படுத்தும் டெஸ்டும் சில நேரம் விழும். அதை அவசரப்பட்டு 'நெட்வொர்க் டெஸ்ட்' என்று ஒதுக்காதீர்கள். நான் பார்த்த காரணங்கள்: ஐபிவி6 முகவரி அந்தச் சூழலில் இல்லை; சர்வீசஸ் கோப்பு இல்லாததால் 'எச்டிடிபி' என்ற பெயரை 80 என்ற போர்ட்டாக மாற்ற முடியவில்லை; 1024க்குக் கீழான போர்ட்டைக் கேட்கிறது. மூன்றுமே சரிசெய்யக்கூடியவை. போர்ட் எண்ணாக 0 கொடுத்தால் கர்னலே காலியாக உள்ள ஒன்றைத் தந்துவிடும்.

சாக்கெட் 'பெயர் மிக நீளம்' என்கிறது. கோப்பு பெயருக்கு 255 வரை இடம் உண்டே?

கோப்பு பெயருக்கு உண்டு, யூனிக்ஸ் சாக்கெட்டின் (ஒரே கணினியில் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) பாதைக்கு இல்லை. லினக்ஸில் அந்தப் பாதைக்கு ஒதுக்கிய இடம் 108 பைட். முடிவுக் குறியைக் கழித்தால் 107 எழுத்து. மேக்கில் அந்த இடமே 104 பைட்தான். உங்கள் வீட்டுக் கணினியில் பாதை சிறியது, எல்லை தெரியாது. பில்டில் என்ன நடக்கிறது பாருங்கள்: டெம்ப் அடைவு, அதற்குள் பேக்கேஜின் பெயரும் பதிப்பு எண்ணும் சேர்ந்த பில்டு அடைவு, அதற்குள் பைடெஸ்ட் (பைத்தானின் டெஸ்ட் கருவி) உருவாக்கும் பயனர் பெயரடைவு, அதற்குள் ஓட்ட எண், அதற்குள் டெஸ்டின் பெயரிலேயே ஓர் அடைவு, கடைசியில் சாக்கெட். எழுத்துகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள், நூறு சுலபமாகத் தாண்டிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால் பேக்கேஜின் பதிப்பு 1.9இலிருந்து 1.10 ஆகும்போது ஓரெழுத்து கூடி, நேற்று வரை ஓடியது இன்று விழலாம். நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. க்னூபிஜி (மறையாக்கக் கருவி) பயன்படுத்தும் டெஸ்ட்களில் இது இன்னும் மறைந்து நிற்கும். 'ஏஜென்டுடன் இணைய முடியவில்லை' என்று மட்டும் வரும், நீளம் பற்றிப் பேச்சே இருக்காது. டெம்ப் அடைவுக்கு நேர் கீழே சின்னப் பெயரில் ஓர் அடைவை உருவாக்கி, சாக்கெட்டையோ க்னூபிஜி ஹோமையோ அங்கே வையுங்கள்.

தமிழ் எழுத்து உள்ள டெஸ்ட்கள் மட்டும் ஏன் விழுகின்றன?

பில்டு சூழலில் மொழி அமைப்பு பெரும்பாலும் வெறும் 'சி' ஆக இருக்கும். அதன் பார்வையில் உலகில் 128 எழுத்துகள்தான். யுடிஎஃப்-8இல் தமிழுக்கான யூனிகோட் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் பதினாறடிமான எண்ணில் ஈ0. 'அ' என்றால் ஈ0 ஏஈ 85. ரூபி நிரல் 'சி' அமைப்பில் தமிழ்க் கோப்பைப் படித்து, ஒரு ரீஜெக்ஸைக் (தேடல் வடிவம்) கொண்டு தேடப் போனால், முதல் எழுத்தின் முதல் பைட்டிலேயே 'யுஎஸ்-ஆஸ்கியில் செல்லாத பைட் வரிசை' என்று நின்றுவிடும். தமிழ்ச் சொற்களைப் பிரிக்கும் ஒரு சிறு நூலகத்தைப் பேக்கேஜ் செய்தபோது எனக்கு நடந்தது இதுவே. ஆங்கில டெஸ்ட் எல்லாம் தேறி, தமிழ் டெஸ்ட் மட்டும் ஒட்டுமொத்தமாக விழுந்தது.

மொழி மாறியை 'சி.யுடிஎஃப்-8' என்று வைத்தால் தீர்ந்தது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியில் 2.35 (2022) முதல் இந்த அமைப்பு மூலத்தோடே வருகிறது, ஆனால் பில்டு சூழலில் அது நிறுவப்பட்டிருக்க வேண்டும். பைத்தான் 3.7 முதல் 'சி' அமைப்பைக் கண்டால் தானே யுடிஎஃப்-8க்கு மாறிவிடும், அதனால் பைத்தான் ஆட்களுக்கு இந்த வலி குறைந்துவிட்டது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மாறியை வைப்பது பில்டைத்தான் காப்பாற்றும். கோப்பைத் திறக்கும் இடத்தில் குறிமுறையை வெளிப்படையாகச் சொல்லாத நிரல், பயனரின் கணினியிலும் ஒரு நாள் இதேபோல் விழும். எனவே இந்த வகைத் தோல்வியை நிரலின் பிழையாகவே மூல ஆசிரியருக்கு எழுதுங்கள். நம் மொழிக்கு நாம் எழுதாமல் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

இவ்வளவு பாடு எதற்கு? டெஸ்டை ரூட்டாக ஓட்டிவிடலாமே?

கூடாது. பாதுகாப்பை ஒரு பக்கம் வையுங்கள், ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) ஓட்டினால் வேறு டெஸ்ட்கள் விழும். ஒரு கோப்பின் உரிமையை 000 என்று வைத்து, 'இப்போது படிக்க முடியக்கூடாது' என்று சோதிக்கும் டெஸ்ட் நிறைய உண்டு. ரூட்டுக்கு எந்தக் கதவும் பூட்டில்லை, அது படித்துவிடும், டெஸ்ட் தோற்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இன்னும் கறார்: ரூட்டாக ஓட்டினால் தரவுத்தளத்தைத் தொடங்கவே மறுத்துவிடும். அதன் சாக்கெட்டை இயல்பான 'ரன்' அடைவில் வைக்க பில்டு பயனருக்கும் உரிமை கிடையாது என்பதால், சாக்கெட் அடைவைத் தற்காலிக இடத்துக்கு மாற்றித் தொடங்க வேண்டும்.

உரிமையாளர், குழு, செட்யுஐடி தொடர்பான டெஸ்ட்கள்?

பில்டு பயனர் பெரும்பாலும் ஒரே குழுவில்தான் இருப்பார். கோப்பை இரண்டாவது குழுவுக்கு மாற்றிப் பார்க்கும் டெஸ்டுக்கு மாற்றக் குழுவே இல்லை. செட்யுஐடி பிட் வைப்பதை நிக்ஸ் கர்னல் வடிகட்டி மூலமே தடுக்கிறது. இவற்றைச் சரிசெய்ய முயலாதீர்கள், தவிர்ப்பதே முறை. க்னூ கோர்யூட்டில்ஸ் இதில் நல்ல முன்மாதிரி: ரூட் வேண்டும், ரூட்டாக இருக்கக்கூடாது, இரண்டு குழுக்களில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு டெஸ்டும் தன் தேவையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். தேவை நிறைவேறாவிட்டால் விழாது, 'தவிர்க்கப்பட்டது' என்று விலகிக்கொள்ளும்.

கிட் 'நீங்கள் யார் என்று சொல்லுங்கள்' என்கிறது.

கமிட் செய்ய பெயரும் மின்னஞ்சலும் வேண்டும், பில்டு பயனருக்கு இரண்டும் இல்லை. ஆத்தர், கமிட்டர் மாறிகளில் ஏதாவது ஒரு பெயரைக் கொடுங்கள். 'சந்தேகத்துக்குரிய உரிமை' என்று வந்தால் அது வேறு: களஞ்சியத்தின் உரிமையாளர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர். 2022 ஏப்ரலில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின் கிட் இதை ஏற்பதில்லை. மூலக்கோப்புகளை பில்டு பயனரே நகலெடுத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

திரையும் முனையமும் வேண்டும் என்று கேட்கும் டெஸ்ட்கள்?

க்யூட்டி வரைகலை நூலகம் என்றால் 'ஆஃப்ஸ்கிரீன்' தளத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜிடிகே வரைகலை நூலகம் என்றால் எக்ஸ்விஎஃப்பி என்ற போலித் திரை. டிபஸ் (நிரல்கள் செய்தி பரிமாறும் சேவை) கேட்டால் டிபஸ்-ரன்-செஷனுக்குள் ஓட்டுங்கள். முனையம் கேட்டால் 'ஸ்கிரிப்ட்' கட்டளை ஒரு போலி முனையத்தைத் தரும்.

டெஸ்ட் விழவில்லை, அப்படியே நின்றுவிடுகிறது. ஏன்?

பல காரணம் இருக்கலாம். ஆனால் யாரும் சந்தேகிக்காத ஒன்றைச் சொல்கிறேன். டெஸ்ட் ஒரு பின்னணிச் சேவையைத் தொடங்குகிறது, பிறகு கொல்கிறது, அது செத்துவிட்டதா என்று சிக்னல் 0 அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சாதாரணக் கணினியில் தாயற்ற செயல்முறைகளை எண் 1 ஆன இனிட் தத்தெடுத்து, செத்ததும் அடக்கம் செய்துவிடும். தனிமைப்படுத்திய பில்டிலோ எண் 1 ஆக இருப்பது பில்டு நிரலே. அதற்கு இந்தக் கடமை தெரியாமல் இருக்கலாம். செத்த செயல்முறை ஸோம்பியாகவே கிடக்கும், சிக்னல் 0க்கு 'இருக்கிறேன்' என்றே பதில் வரும், டெஸ்ட் காலாவதி வரை காத்திருக்கும்.

செயல்முறைப் பட்டியலில் நிலை 'இசட்' என்று இருந்தால் இதுவேதான். டினி போன்ற ஒரு குட்டி இனிட்டின் கீழ் டெஸ்டை ஓட்டுங்கள். டாக்கரில் இதற்கென்றே 'இனிட்' என்ற தேர்வு உண்டு.

பில்டு முடிய அரை மணி ஆகிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் காத்திருக்காமல் சோதிக்க வழி?

நிக்ஸ், கீக்ஸ் இரண்டிலும் 'கீப்-ஃபெயில்ட்' தேர்வுடன் கட்டினால் தோற்ற பில்டின் அடைவு அழியாமல் இருக்கும். அதற்குள் சூழல் மாறிகள் முழுவதும் ஒரு கோப்பில் இருக்கும். அதை ஷெல்லில் ஏற்றிவிட்டு விழுந்த ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டுங்கள். டெபியனில் எஸ்பில்ட் என்ற பில்டு கருவியிடம், பில்டு தோற்றதும் அதே குரூட்டுக்குள் (தனிமைப்படுத்திய கோப்பமைப்பு) ஷெல் திறக்கச் சொல்லலாம்.

பேக்கேஜ் கருவி எதுவும் இல்லாமல் பார்க்க வேண்டுமா? ஹோம் இல்லாத ஒரு கணினிப் பயனரை உருவாக்கி, 'என்வ் -ஐ' மூலம் மாறிகளையெல்லாம் துடைத்துவிட்டு, 'அன்ஷேர்' கட்டளையால் நெட்வொர்க்கைப் பிரித்து ஓட்டுங்கள். ஒரு கவனம்: அன்ஷேர் தரும் புதிய நெட்வொர்க்கில் லூப்பேக் அணைந்தே இருக்கும். நீங்களே ஏற்றிவிடாவிட்டால் பில்டில் தேறும் டெஸ்ட்களும் இங்கே விழுந்து உங்களைத் திசைதிருப்பும்.

எப்போது ஒரு டெஸ்டைத் தவிர்க்கலாம்?

அது கேட்கும் வசதியை பில்டு சூழல் கொள்கையாகவே தராது என்று உறுதியான பிறகு. தவிர்க்கும்போது ஒற்றை டெஸ்டின் பெயரைச் சொல்லித் தவிருங்கள். பைடெஸ்டில் 'டீசெலக்ட்', ரஸ்டில் 'ஸ்கிப்', கோ 1.20 முதல் அதிலும் 'ஸ்கிப்' உண்டு. பக்கத்தில் ஒரு கருத்துரை கட்டாயம்: 'இணையம் வேண்டும்', 'இரண்டாவது குழு வேண்டும்' என்று நாலு சொல் போதும். காரணம் எழுதாத தவிர்ப்பைப் பின்னால் வருபவர் யாரும் நீக்கத் துணிவதில்லை. மூன்று ஆண்டுக்கு முன் யாரோ தவிர்த்த டெஸ்ட் ஒன்றைச் சும்மா ஓட்டிப் பார்த்தபோது தேறிவிட்டது. அதன் காரணம் எப்போது தீர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரு தடயமும் இல்லை.

மூல ஆசிரியருக்கு எப்படித் தெரிவிப்பது?

'உங்கள் டெஸ்ட் எங்கள் விநியோகத்தில் விழுகிறது' என்று எழுதினால் 'என்னிடம் ஓடுகிறது' என்றுதான் பதில் வரும். விநியோகத்தின் பெயரையே எடுத்துவிட்டு, அவர் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரு கட்டளையாகக் கொடுங்கள். ஹோம் மாறியை இல்லாத அடைவுக்கு வைத்து டெஸ்டை ஓட்டச் சொன்னால் ஒரு நிமிடத்தில் அவருக்கே தெரிந்துவிடும். கூடவே பேட்சையும் (திருத்தக் கோப்பு) அனுப்புங்கள்: பைடெஸ்ட் என்றால் தற்காலிக அடைவை ஹோமாக வைக்கும் இரண்டு வரி, ஆட்டோமேக் (பில்டு கருவி) என்றால் டெஸ்டின் தேவை நிறைவேறாத இடத்தில் 77 என்ற வெளியேறும் எண். 77 வந்தால் ஆட்டோமேக் அந்த டெஸ்டைத் தோல்வியாக எண்ணாது, தவிர்க்கப்பட்டதாகக் குறித்துக்கொண்டு மேலே போகும். பேட்ச் ஏற்கப்பட்ட பதிப்பு வெளியானதும் உங்கள் பேக்கேஜிலிருந்து தவிர்ப்பு வரியை நீக்குங்கள்.